கோடிங் தெரியாத ஓவிய ஆசிரியர் நியூ மீடியா ஆர்ட் எடுக்கறது எப்படி?

நீங்க கேட்டதை நான் புரிஞ்சுகிட்டது இப்படி. பல வருஷமா பென்சிலும் வாட்டர்கலரும் சொல்லித்தர்ற ஓவிய ஆசிரியர் நீங்க, இந்த வருஷம் 13, 14 வயசுப் பசங்க 40 பேருக்கு நியூ மீடியா ஆர்ட் எடுக்கச் சொல்லிட்டாங்க, இருக்கறது 5 கம்ப்யூட்டரும் ஒரு ப்ரொஜெக்டரும், கோடிங் சுத்தமா தெரியாது, அதனால முதல்ல எந்த சாஃப்ட்வேர் கத்துக்கணும்னு கேட்டிருக்கீங்க. ஆனா கடைசி வரியில "பசங்களுக்கு என்னைவிட அதிகமா தெரியும், அவங்க முன்னாடி போய் நின்னு என்ன சொல்றது"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, உண்மையான கேள்வி அதுதான்னு எனக்குப் படுது. நானும் பெயிண்டிங்தான் படிச்சேன், அப்புறம் 16 வருஷமா 11ல இருந்து 16 வயசு வரைக்கும் உள்ள பசங்களோட இந்த வேலையைச் செஞ்சுட்டு இருக்கேன். அதைவிடச் சின்னப் பசங்களுக்கு நான் எடுத்ததில்ல, அதனால கீழ சொல்றதை அவங்களுக்கு அப்படியே எடுத்துட்டுப் போயிடாதீங்க.

சாஃப்ட்வேர் கேள்வியைக் கொஞ்சம் ஓரமா வைங்க. வீடியோ, சவுண்ட், கோட், சென்சார், இன்டர்நெட்டுன்னு நியூ மீடியா ஆர்ட்ங்கற பேருக்குக் கீழ எத்தனையோ வருது, ஆனா இதுல எதை எடுத்தாலும் ஒரு படம் மாதிரி முடிஞ்சுபோய் சுவர்ல தொங்கறதில்ல, நேரத்தோட நகருது, ஒரு விதிப்படி நடக்குது, நிறைய சமயம் பாக்கறவங்க செய்யறதுக்கு பதிலும் தருது. உங்க பசங்களுக்கு போன் நல்லாத் தெரியும், ஒத்துக்கறேன். ஆனா அவங்களுக்குத் தெரிஞ்சது வேற யாரோ எழுதி வச்ச விதிக்குள்ள விரலை ஓட்டறது. விதியை அவங்களே எழுதி, அதுல இருந்து என்ன வருதுன்னு பாத்து, இது போதாது இதை மாத்தணும்னு முடிவு பண்றது அவங்களுக்குப் புதுசு. அந்த "இது போதாது"ன்னு சொல்ற கண்ணு உங்ககிட்ட இத்தனை வருஷமா இருக்கு.

இது எனக்கு லேட்டாத்தான் புரிஞ்சது. முதல் வருஷம் ஒரு பெட்டி நிறைய சென்சாரும் எல்.இ.டி.யும் வாங்கி வச்சுட்டு ஆறு வாரம் ஒயர் சொருகறதையே சொல்லித்தந்தேன். கடைசியில எல்லார் டேபிள்லயும் ஒரு லைட் மின்னிச்சு. ஒரு பையன்கிட்ட "இது ஏன் மின்னணும்?"னு கேட்டேன், அவன் ஒயரைக் காட்டி கரண்ட் எப்படிப் போகுதுன்னு ரொம்ப சரியா விளக்கினான். என் கேள்வியே அவனுக்குப் புரியல, ஏன்னா ஆறு வாரத்துல நான் ஒரு தடவைகூட அவனை அப்படிக் கேட்டதில்ல. தப்பு என்னோடது.

அதனால இப்ப என் முதல் வகுப்புல கரண்ட்டே கிடையாது, தாளும் பென்சிலும் ஸ்கேலும்தான். சோல் லெவிட்னு ஒரு அமெரிக்கக் கலைஞர் 1968ல இருந்து சுவர் ஓவியங்களை எழுத்துல இருக்கற உத்தரவா செஞ்சாரு, வரையறது வேற ஆளுங்க. 1971ல செஞ்ச 118ஆவது சுவர் ஓவியத்தோட விதி என்னன்னா, சுவர்ல 50 புள்ளியைக் குத்துமதிப்பா ஆனா இடம் முழுக்கப் பரவற மாதிரி வைக்கணும், எல்லாப் புள்ளியையும் நேர்கோட்டால இணைக்கணும். நான் பசங்களுக்கு 12 புள்ளின்னு குறைச்சுக்கறேன், விதியை ஒரே ஒரு தடவை படிக்கறேன், சந்தேகம் கேட்டா பதில் சொல்றதில்ல. பத்து நிமிஷம் கழிச்சு எல்லாத் தாளையும் தரையில பரப்புவோம். ஒருத்தன் புள்ளிக்குப் புள்ளி வரிசையா இணைச்சு 11 கோடு போட்டிருப்பான், பக்கத்துல ஒரு பொண்ணு ஒவ்வொண்ணையும் மத்த எல்லாத்தோடயும் இணைச்சு 66 கோடு போட்டிருப்பா, தாளே வலை மாதிரி கறுத்துப்போயிருக்கும். உடனே "நீ தப்பாப் போட்டுட்ட"ன்னு சண்டை வரும். வரட்டும், விட்டுடுங்க. ரெண்டு பேரும் விதியை மீறலை, "இணைக்கணும்"ங்கற சொல்லுதான் ரெண்டு பக்கமும் இழுபடுது. அதுக்கப்புறம் விதியை ரெண்டு விதமாத் திருத்தி எழுதச் சொல்லுங்க, ஒண்ணுல 40 பேருக்கும் ஒரே படம் வரணும், இன்னொண்ணுல ஒவ்வொருத்தருக்கும் வேற வரணும் ஆனா ஒரே குடும்பம்னு பாத்ததும் தெரியணும். ரெண்டாவதுதான் கஷ்டம். இதுவரைக்கும் யாரும் ஒரு வரி கோட் எழுதல, ஆனா ப்ரோகிராமிங்ல பாதி வேலை நடந்து முடிஞ்சிருக்கும்.

ரெண்டாவது வகுப்புக்கு ஒரு பகடை போதும். 1968 வாக்குல ஜியோர்க் நீஸ்ங்கற ஜெர்மன்காரர் கம்ப்யூட்டரை வச்சு ஒரு படம் போட்டாரு, குறுக்கால 12, நெடுக்கால 22னு சதுரங்கள், மேல ஒழுங்கா அடுக்கின மாதிரி இருக்கும், கீழ வர வர ஒவ்வொரு சதுரமும் கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்து திரும்பி கடைசியில கொட்டிக் கிடக்கற கல்லு மாதிரி ஆயிடும். இதைக் கையாலேயே செய்ய வைங்க. 6 பத்தி, 8 வரிசை, முதல் வரிசையில நகர்த்தல் கிடையாது, ரெண்டாவதுல பகடையில விழற எண் அளவு மில்லிமீட்டர், மூணாவதுல அதுல ரெண்டு மடங்கு, இப்படியே கீழ போகணும், ஒத்தைப்படை வந்தா இடது பக்கம், ரெட்டைப்படை வந்தா வலது பக்கம். 48 சதுரம் போட ஒரு பீரியட் முழுக்க ஆகும், நடுவுல சலிச்சுக்குவாங்க, அந்தச் சலிப்பும் வேணும். முடிச்சதும் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: எந்த வரிசையில இது கட்டம்னு சொல்றது நின்னுபோச்சு? ஒருத்தர் நாலுங்குவாங்க, இன்னொருத்தர் ஆறுங்குவாங்க, காரணம் சொல்லச் சொல்லுங்க. நீங்க காம்போசிஷன் பாடத்துல இத்தனை வருஷமா பேசினது அத்தனையும் இங்க வந்து நிக்கும்.

இந்த இடத்துல பசங்களுக்கு நான் வெரா மோல்நார் பத்திச் சொல்வேன், உங்களுக்கும் சொல்றேன். ஹங்கேரியில பிறந்து பாரிஸ்ல வாழ்ந்தவங்க, கம்ப்யூட்டர் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே மனசுக்குள்ள ஒரு மெஷின் இருக்கறதா வச்சுகிட்டு, விதி எழுதி, அந்த விதிப்படி கையாலேயே ஒவ்வொண்ணா வரைஞ்சு பாத்தவங்க. நிஜக் கம்ப்யூட்டர்ல வேலை ஆரம்பிச்சது 1968ல, அப்ப அவங்களுக்கு 44 வயசு, படிச்சது ஓவியம். 2023 டிசம்பர்ல 99 வயசுல காலமானாங்க, கடைசி வரைக்கும் வேலை பண்ணிட்டுதான் இருந்தாங்க. வயசைப் பத்தியோ படிப்பைப் பத்தியோ தயக்கம் வர்றப்ப எனக்கு இவங்க ஞாபகம் வரும்.

இப்ப கம்ப்யூட்டருக்கு வருவோம். ப்ராசஸிங்னு ஒரு கோடிங் கருவி, 2001ல கேசி ரீஸும் பென் ஃப்ரையும் ஆரம்பிச்சது, ஓவியர்களும் டிசைனர்களும் கோட் எழுதணும்னே செஞ்சது, அதே வழியில லாரன் லீ மெக்கார்த்தி ஆரம்பிச்ச பி5.ஜேஎஸ் பிரவுசர்லயே ஓடும், எதையும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம், காசும் கிடையாது. டைப்பிங் பயம் இருக்கற பசங்களுக்கு ஸ்கிராட்ச், அதுல கட்டளைகளைக் கட்டம் கட்டமா இழுத்து அடுக்கினா போதும். ரெண்டுல எதை எடுக்கறதுன்னு ரொம்ப யோசிக்காதீங்க, 14 வயசுக்கு நான் பி5 எடுப்பேன், அவ்வளவுதான். முக்கியமானது என்னன்னா முதல் நாள் கம்ப்யூட்டர்ல புதுசா எதுவும் செய்யக்கூடாது, அந்தப் பகடைச் சதுரத்தையே செய்யணும். இருபது முப்பது வரியில முடிஞ்சிரும், அதை நீங்க ஒரு வாரம் வீட்ல உக்காந்து ஒவ்வொரு வரியா புரிஞ்சுகிட்டாலே போதும். ஒரு பீரியட் முழுக்கக் கைவலிக்கப் போட்ட 48 சதுரம் கண்ணிமைக்கற நேரத்துல திரையில வந்து நிக்கறப்ப வகுப்பு ஒரு நிமிஷம் அமைதியாயிடும். அடுத்த நிமிஷம் யாராவது 48ஐ 4,800 ஆக்கிடுவாங்க. கையால போட்டவங்களுக்குத்தான் அந்த எண்ணோட கனம் தெரியும், நேரா கம்ப்யூட்டர்ல உக்காந்தவங்களுக்கு அது வெறும் எண்.

40 பேருக்கு 5 மெஷின்னா ஒரு மெஷினுக்கு 8 பேர், அது நடக்காது. பாதிப் பேரைத் தாள் வேலையில வச்சுட்டு மெஷினுக்கு நாலு நாலு பேரா விடுங்க. ஒருத்தர் கீபோர்டு, ஒருத்தர் விதியைச் சத்தமா சொல்றவர், ஒருத்தர் என்ன மாறுச்சுன்னு நோட்ல வரையறவர், ஒருத்தர் அடுத்து எதை மாத்தலாம்னு சொல்றவர், 8 நிமிஷத்துக்கு ஒரு தடவை கடிகாரம் பாத்து மாத்திடுங்க. இதை நான் கறாராச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. மாத்தலைன்னா முதல்ல மவுஸைப் பிடிச்சவன் பீரியட் முடியறவரைக்கும் விடமாட்டான், பொண்ணுங்க பின்னால நின்னு எட்டிப் பாத்துட்டே இருப்பாங்க, வருஷக் கடைசியில "எனக்கு இது வராது"ன்னு அவங்களே ஒரு முடிவுக்கு வந்திருப்பாங்க. என் வகுப்புலயே நடந்திருக்கு, நான் கவனிக்க ரெண்டு வருஷம் ஆச்சு.

சவுண்டை விட்டுடாதீங்க, செலவே இல்லாம ரொம்ப ஆழமாப் போகக்கூடியது அதுதான். ஆல்வின் லூசியர்ங்கற அமெரிக்க இசையமைப்பாளர் 1969ல ஒரு வேலை செஞ்சாரு, ஒரு அறையில உக்காந்து ஒரு சின்னப் பேச்சைப் பேசி ரெக்கார்டு பண்ணி, அதை அதே அறையில ஓடவிட்டுத் திரும்ப ரெக்கார்டு பண்ணி, திரும்பத் திரும்ப அதையே செஞ்சாரு. ஒவ்வொரு சுத்துலயும் அந்த அறைக்குப் பிடிச்ச அலைவரிசை மட்டும் பெருகும், மத்தது தேயும், கடைசியில வார்த்தையே இருக்காது, அறையோட குரல் மட்டும் பாடற மாதிரி நிக்கும். ரெண்டு போனும் ஒரு ஸ்பீக்கரும் இருந்தா வகுப்புலயே செய்யலாம். திரைச்சீலை, மெத்தை இல்லாத வெறும் அறையா பாருங்க, மாடிப்படிக்குக் கீழ இருக்கற இடம் இன்னும் நல்லா வரும். போன்ல சத்தத்தைத் தானா சுத்தம் பண்ற வசதி இருந்தா ஆஃப் பண்ணிடுங்க, இல்லைன்னா நீங்க தேடற எதிரொலியையே அது அழிச்சிரும், நான் ஒரு மதியம் முழுக்க அதுல தொலைச்சேன். ஒரு தடவை ஒரு பொண்ணு, வகுப்புல வாயே திறக்காதவ, தன் பேரை மட்டும் சொல்லி ஆரம்பிச்சா. ஒன்பதாவது சுத்துல பேரு கரைஞ்சு ஒரு நீளமான மணிச்சத்தம் மாதிரி ஆயிடுச்சு. "இது இப்ப என் குரலா, ரூமோட குரலா மிஸ்?"னு கேட்டா. நான் பதில் சொல்லல, மத்தவங்க அரை மணி நேரம் பேசினாங்க, அவளும் பேசினா.

வீடியோவுக்கு எடிட்டிங்ல ஆரம்பிக்க வேண்டாம். வெப்கேமை கம்ப்யூட்டர்ல மாட்டி, அது எடுக்கறதை ப்ரொஜெக்டர்ல ஓடவிட்டு, கேமராவை அந்தத் திரை பக்கமே திருப்புங்க. சுரங்கம் மாதிரி ஒண்ணுக்குள்ள ஒண்ணா போகும், கேமராவைக் கொஞ்சம் சாய்ச்சா சுருள் வரும். நடுவுல கையை ஆட்டினா உள்ளே போகப் போக ஒவ்வொரு அடுக்குலயும் கை லேட்டா ஆடும், நேரத்தைக் கண்ணால பாக்கலாம். இதோட கொரியாவுல பிறந்த "நாம் ஜூன் பைக்"ங்கற கலைஞரைப் பத்திச் சொல்லலாம், 1963ல ஜெர்மனியில வூப்பர்தால்ங்கற ஊர்ல டிவிப் பெட்டிகளையே கலைப்பொருளா வச்சவரு, 1965ல டிவி மேல ஒரு பெரிய காந்தத்தை வச்சுப் படத்தை வளைச்சாரு. பழைய டியூப் டிவியில எலக்ட்ரான் கதிர் காந்தத்துக்கு வளையும், அதனால அது நடந்தது, இன்னைக்கு இருக்கற தட்டை டிவியில காந்தம் வச்சா ஒண்ணும் ஆகாது. பசங்க பழைய டிவி கொண்டுவர்றேன்னு கட்டாயம் சொல்வாங்க. வெளியில இருந்து காந்தம் காட்டறதோட நிறுத்திக்கோங்க, பின்மூடியைத் திறக்க விடவே விடாதீங்க, ப்ளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ள ஆபத்தான அளவுக்கு மின்சாரம் தேங்கியிருக்கும்.

பாக்கறவங்களுக்குப் பதில் தர்ற வேலைகளுக்கு ரெண்டு உதாரணம் போதும். கமீல் அட்டர்பாக், ரோமி அகிடுவ் ரெண்டு பேரும் 1999ல செஞ்ச ஒண்ணுல, திரையில உங்க உருவம் தெரியும், மேல இருந்து எழுத்துகள் மழை மாதிரி விழும், உங்க தோள்லயும் கையிலயும் வந்து தங்கும். உள்ள இருக்கற விதி ரொம்பச் சின்னது, பின்னணி வெளிச்சமா இருக்கும், ஒரு அளவைவிட இருட்டா ஏதாவது இருந்தா எழுத்து அங்க நிக்கும். இதைக் கேட்டதும் பசங்க "அவ்வளவுதானா"ம்பாங்க, அந்த "அவ்வளவுதானா"வுக்காகத்தான் அதைக் காட்டறது. இன்னொண்ணு ரஃபேல் லொசானோ-ஹெம்மர் 2006ல செஞ்ச பல்ப் அறை. கைப்பிடியைப் பிடிச்சா உங்க இதயத்துடிப்புக்கு ஒரு பல்ப் மின்னும், விட்டதும் அந்தத் துடிப்பு வரிசையில முதல் பல்புக்குப் போயிடும், ஏற்கனவே இருந்தவங்க துடிப்பெல்லாம் ஒரு இடம் நகரும். இதை நாங்க சென்சார் இல்லாம டார்ச்சை வச்சே நடிச்சோம், வரிசையா நின்னு, மணிக்கட்டுல நாடி பிடிச்சு, துடிப்புக்கு ஒரு தடவை டார்ச்சை மின்னவிட்டு, புதுசா ஒருத்தர் சேர்ந்ததும் எல்லாரும் ஒரு இடம் தள்ளி நின்னோம், கடைசியில இருக்கறவர் விளக்கை அணைச்சுட்டு வெளிய வரணும். அப்படி வெளிய வந்த முதல் பையன் ரொம்ப நேரம் பேசல. ஆனா ஒரு எச்சரிக்கை, இதை நான் உறுதியாச் சொல்றேன்: மின்னற வெளிச்சம் சிலருக்கு வலிப்பைத் தூண்டும். வெப்சைட்டுகளை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தணும்னு வச்சிருக்கற விதிகள்ல ஒரு நொடிக்கு மூணு தடவைக்கு மேல எதுவும் மின்னக்கூடாதுன்னு இருக்கு. ஒரு டார்ச் நொடிக்கு ஒரு தடவை சொச்சம்தான், ஆனா இருட்டுல நிறைய டார்ச் முன்னபின்ன மின்னினா கணக்கு மாறிடும். அதனால பெற்றோர்கிட்ட முன்னாடியே விசாரிங்க, ரூமை முழுசா இருட்டாக்காதீங்க, டார்ச்சைத் தரைப் பக்கம் திருப்பச் சொல்லுங்க.

இதே அளவு உறுதியா சொல்ற இன்னொண்ணு, பசங்க முகம் தெரியற வீடியோவை அனுமதி இல்லாம ஆன்லைன்ல ஏத்தாதீங்க, வேலை எவ்வளவு அழகா வந்திருந்தாலும் சரி. அப்புறம் எல்லாத்தையும் தாள்லயும் பதிவு பண்ணி வைங்க. பிரவுசர்ல அனிமேஷன் ஓட்டற ஃப்ளாஷ்ங்கற பழைய சாஃப்ட்வேர்ல செஞ்ச வேலைகள் எங்ககிட்ட ஒரு அடுக்கு இருந்துச்சு, 2020 கடைசியோட ஃப்ளாஷை நிறுத்திட்டாங்க, அதுக்கப்புறம் எங்க கம்ப்யூட்டர்ல எதுவும் திறக்கல. அதுல ஒரு பொண்ணு மட்டும் தன் விதியை நோட்ல எழுதி, பக்கத்துல படமும் போட்டு வச்சிருந்தா, போன வருஷப் பசங்க அதைப் பாத்து பி5ல திரும்பச் செஞ்சுட்டாங்க.

இனி எனக்கே தெளிவில்லாத விஷயங்கள். ஏஐ படம் வரையற சேவைகளை வகுப்புல விடலாமான்னு கேட்டிருந்தீங்க. என் நிலைப்பாடு ரெண்டு தடவை மாறியிருக்கு, இன்னும் மாறலாம். ஹரால்ட் கோஹன்ங்கற ஓவியர் 1970களோட தொடக்கத்துல இருந்து 2016ல சாகறவரைக்கும் ஆரோன்னு ஒரு ப்ரோகிராமை வரைய வைக்க உழைச்சாரு, அதுல விதி ஒவ்வொண்ணும் அவர் யோசிச்சு எழுதினது. இன்னைக்கு இருக்கறது அப்படி இல்ல, யார் யாரோ போட்ட கோடிக்கணக்கான படத்துல இருந்து கத்துகிட்டது, பையன் ஒரு வரி டைப் பண்ணா பளபளன்னு ஒண்ணு வருது, "இது போதாது"ன்னு அவன் சொல்ல வேண்டிய இடமே இல்லாம போயிடுது. அதனால கடைசி மாசம் வரைக்கும் நான் அதைத் தொடறதில்ல. அதுக்குப் பதிலா டீச்சபிள் மெஷின்னு கூகுளோட இலவசக் கருவி பிரவுசர்ல இருக்கு, பசங்களே வெப்கேம்ல படம் காட்டி ஒரு சின்ன மாடலைப் பழக்கலாம். எங்க பசங்க திறந்த கை, மூடின கைன்னு ரெண்டு வகை சொல்லித்தந்தாங்க, திறந்த கையை ஒருத்தர் ஜன்னல் பக்கம் நின்னு காட்டினாரு, மூடின கையை இன்னொருத்தர் சுவர் பக்கம். முடிச்சுட்டுப் பாத்தா அது கையைக் கத்துக்கவே இல்ல, ஜன்னலைத்தான் கத்துகிட்டிருந்தது. ஏஐ எதைப் பாக்குதுங்கறதுக்கு இதைவிட நல்ல பாடம் என்கிட்ட இல்ல. சேவைகளோட வயசு வரம்பையும் பாத்துக்கோங்க, பல இடத்துல 13னு இருக்கும், உங்க வகுப்பு சரியா அந்த விளிம்புல இருக்கு. கண்ணுல மாட்டிகிட்டுப் பாக்கற விஆர் ஹெட்செட் பத்தி என் அனுபவம் ரொம்பக் கம்மி, ஒண்ணே ஒண்ணு இருந்தா ஒருத்தர் பாக்க 39 பேர் காத்திருப்பாங்க, அது மட்டும் தெரியும். கலை வழியா கோடிங் கத்துகிட்டா கணக்கு நல்லா வரும்னு நிர்வாகத்துக்கிட்ட சொல்லலாமான்னா, நான் சொல்லமாட்டேன். என் பசங்கள்ல சிலருக்கு வந்தது, பலருக்கு ஒண்ணும் மாறல.

மார்க் போடறதுக்கு நான் திரையில ஓடறதைப் பாக்கறதைவிட நோட்டைத்தான் அதிகம் பாப்பேன். என்ன விதி எழுதின, என்ன வந்துச்சு, ஏன் மாத்தின, இந்த மூணும் எழுதியிருந்தா ஓடாத ப்ரோகிராமுக்கும் நல்ல மார்க் உண்டு.

கடைசியா அந்தக் கடைசி வரி. கோடிங் தெரியாதுன்னு முதல் நாளே பசங்ககிட்ட நேராச் சொல்லிடுங்க. மறைச்சா ரெண்டு வாரத்துல கண்டுபிடிச்சுடுவாங்க. சொல்லிட்டீங்கன்னா கோட் ஓடாதப்ப உங்க பக்கத்துல வந்து உக்காந்து தேடுவாங்க, விடுபட்ட அடைப்புக்குறியை அவங்கதான் கண்டுபிடிப்பாங்க. படம் வந்ததும் திரும்பி உங்க முகத்தைத்தான் பாப்பாங்க. அப்ப நல்லாருக்குன்னு சொல்லி முடிச்சுடாதீங்க, ஒரு வாட்டர்கலர் முன்னாடி நின்னா எங்க கனமா இருக்கு எங்க காலியா இருக்குன்னு பேசுவீங்கல்ல, அதையே பேசுங்க. முதல் வகுப்புக்கு 40 தாள், பென்சில், ஸ்கேல் மட்டும் எடுத்துட்டுப் போங்க, கம்ப்யூட்டர் அறைச் சாவி மூணாவது வாரம் வரைக்கும் தேவைப்படாது. அந்த 12 புள்ளி வகுப்புல என்ன சண்டை வந்துச்சுன்னு நேரம் கிடைச்சா இங்க எழுதுங்க, கேட்க ஆசையா இருக்கேன்.